வீட்டை விற்குமுன்: தரையும் படியும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்” என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். கட்டுவதன் சிரமத்தை நன்கறிந்த அவர்கள், விற்பதன் சிரமத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமற் போனதற்குக் காரணம், விற்பது என்ற காரியம் அவர்களுடைய நினைவிலேயே எழவில்லை என்பதுதான் போலும். தந்தை கட்டிய வீட்டில் மகன் இருப்பான், மகனுக்குப் பின் பேரன் இருப்பான் என்பதே அவர்களுடைய கணக்கு. இன்றோ பிள்ளைகள் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் தொழில் பார்க்கின்றனர். மலைநாட்டில் முதியோர் ஒருவரோ இருவரோ மாடிவீட்டுக்குக் காவலாக இருந்து வருகின்றனர். படியேறக் கால் மறுக்கும் காலம் வந்ததும், விற்கவேண்டிய நாளும் உடன் வந்துவிடுகிறது.

எமக்கும் அந்நாள் வந்தது. அப்பொழுது எழுந்த கேள்வி சிறியதுதான்: விற்பதற்கு முன்னால் தரைக்கு என்ன பலகை போடுவது, படிக்கட்டை அதற்கு எப்படி ஒப்பச் செய்வது என்பதே அது. அந்தச் சிறிய கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, மரத்தைப் பற்றியும் மலையைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் நாம் அறிந்துகொண்டவை பல. வீடு கட்டுவோர்க்கும் விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் அவை பயன்படக் கூடும் என்று எண்ணி இங்கே எழுதுகிறோம்.

எமது வீடு நமுனுகுலக் கடைத்தெருவுக்குச் சற்று மேலே, சரிவில் வெட்டிய மேடையொன்றில் நிற்கிறது. ஒன்பது சிகரங்கள் என்று பொருள்படும் பெயருடைய நமுனுகுல மலை, 6,600 அடிக்கு மேல் உயர்ந்து பின்னால் நிற்கிறது. சுற்றிலும் தேயிலை. பாட்டனார் தோட்டத்து மக்களுக்கு அரிசியும் சீனியும் விற்ற கடைக்காரர். வாழ்நாட் சேமிப்பைக் கொட்டி அவர் எழுப்பிய வீடு இது. கீழே கூடமும் இரண்டு அறைகளும். அவற்றுக்குச் சிவப்புச் சிமெந்துத் தரை. மேலே மூன்று அறைகள். அவற்றுக்குப் பலாப் பலகைத் தரை. இரண்டையும் இணைப்பது ஒரு மரப் படிக்கட்டு. மேல்மாடியின் சன்னலடியில் மழைச்சாரல் பட்டு நான்கு பலகைகள் உக்கியிருந்தன. படிகளில் ஐந்து, மூன்று தலைமுறையினரின் பாதம் பட்டு நடுவில் குழிந்திருந்தன. கீழ்க்கூடத்தில், மேட்டுப் பக்கத்துச் சுவரோரம், சிமெந்துத் தரையில் ஒரு வெடிப்பும் மாரிகாலத்தில் சிறிது ஈரமும் இருந்தன.

வீட்டைப் பார்க்க வந்த தரகர் அனுபவசாலி. அவர் ஒரே மூச்சில் வைத்தியம் சொல்லிவிட்டார். மரக்கோலம் அச்சிட்ட மெல்லிய பலகையை வாங்கிக் கீழேயும் மேலேயும் விரித்துவிட வேண்டும்; படிகளுக்கும் அதே நிறத்தில் ஒட்டிவிட வேண்டும்; அப்படிச் செய்தால் வருகிறவர் வாசலில் நின்ற மாத்திரத்திலேயே மனத்தைப் பறிகொடுத்துவிடுவார் என்றார். கொழும்பிலிருந்து வந்திருந்த தம்பிக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. அம்மா மாத்திரம் ஒரு கேள்வி கேட்டார்கள்: “அந்த மூலை வெடிப்பு என்ன ஆகும், தம்பி?” தரகர் சிரித்துக்கொண்டே, “அது பலகைக்கு அடியில் போய்விடும் அம்மா, கவலையை விடுங்கள்” என்றார். அம்மாவின் கவலையோ அந்தக் கணத்தில்தான் தொடங்கியது. எமக்கும் அப்படியே.

பலகைத் தரை என்பது எமது மலைநாட்டில் வெறும் அலங்காரப் பொருளன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் தமது பங்களாக்களுக்குப் பலகைத் தரையிட்டனர். குளிர் மிகுந்த உயரங்களில் கல்லையும் சிமெந்தையும் விட மரம் காலுக்கு இதமானது. மரத்தினுள்ளே நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் அது உடம்பின் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் ஒரே அறையில் ஒரே குளிரில் இருந்தும் சிமெந்து சில்லென்றும் பலகை வெதுவெதுப்பாகவும் தோன்றுகின்றன. அந்தப் பங்களாத் தரைகளை மெழுகிட்டுத் தேங்காய்ப் பொச்சினால் தேய்த்து முகம் பார்க்கும்படி மினுக்கியவர்கள் எம்மவர்கள். மாலையில் அவர்கள் திரும்பிச் சென்று படுத்ததோ பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயக் காம்பராவின் சாணி மெழுகிய மண்தரையில். ஒரே தோட்டத்தில் இருந்த இவ்விரு தரைகளையும் நினையாமல், மலைநாட்டில் எவரும் பலகைத் தரையைப் பற்றிப் பேச முடியாது.

விற்கப்பட்ட வீட்டின் தரை எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்குச் சான்று எமது மாவட்டத்திலேயே இருக்கிறது. அப்புத்தளைக்கு அருகில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்பவர் கட்டுவித்து 1931ஆம் ஆண்டில் முடித்த அடிஷாம் பங்களாவே அது. கருங்கல்லாற் கட்டிய அம்மாளிகையின் கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் படிக்கட்டுக்கும் தரைக்கும் பர்மாத் தேக்கு வரவழைக்கப்பட்டது. அவர் நாட்டை விட்டுச் சென்றார், மாளிகை கைமாறிற்று, 1960களின் தொடக்கத்தில் அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாயிற்று. துறவிகள் அங்கே பழப்பாகு செய்து விற்கின்றனர். விடுமுறை நாட்களில் மக்கள் சென்று பார்க்கின்றனர். உரியவர் மாறி மாறி வந்தும் தேக்கு தன் பணியைச் செய்துகொண்டே இருக்கிறது. கட்டுகிறவர் தமக்காக மட்டும் கட்டுவதில்லை என்பதை அந்த வீடு காட்டுகிறது.

இனி மரத்தைப் பற்றிச் சிறிது சொல்வோம். மரக்காலைக்குச் சென்றால் பல பெயர்கள் காதில் விழும். தேக்கு, பலா, முதிரை, மஹோகனி ஆகியவை உறுதியும் விலையும் உள்ளவை. எமது தோட்டங்களில் தேயிலைக்கு நிழலாக நட்டு வளர்க்கும் ஆஸ்திரேலிய மரமாகிய கிரெவிலியாவை மக்கள் சவுக்கு என்கின்றனர். தமிழகத்தில் சவுக்கு என்றால் வேறு மரம். இந்தத் தோட்டத்துச் சவுக்கு, பெட்டிக்கும் மேசைக்கும் நல்லது. நாளும் மிதிபடும் தரைக்கு அவ்வளவு ஏற்றதன்று. யூக்கலிப்டஸ் கனமானது; ஆனால் சரியாக உலர்த்தாவிட்டால் முறுக்கிக்கொள்ளும் குணமுடையது. எந்த மரமாயினும் வயிரத்தைத்தான் நம்ப வேண்டும். பட்டையை அடுத்துள்ள வெளுத்த பாகத்தை, அது தேக்கேயாயினும், கறையான் விட்டுவைப்பதில்லை.

எமது மேல்மாடித் தரை பலாவாக இருந்ததனால் எமது தேர்வு எளிதாயிற்று. பலாவுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அறுத்த புதிதில் அது மஞ்சள் நிறமாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல வெளிச்சமும் காற்றும் பட்டு ஆழ்ந்த கபில நிறமாக மாறிவிடும். ஆகவே பழைய பலாவுக்குப் பக்கத்தில் புதிய பலாவை வைத்தால், தாத்தாவுக்கு அருகில் பேரனை நிறுத்தியது போலத் தோன்றும். சாயம் பூசி இன்று ஒப்பச் செய்யலாம். ஆயின் சாயத்தின் அடியிலுள்ள மரம் தன் போக்கில் கறுத்துக்கொண்டே போகும். நாலைந்து ஆண்டுகளில் புதியது பழையதை விட இருண்டுவிடும். எனவே நிறத்தை ஒப்பிடுவதை விட, இனத்தை ஒப்பிடுவதே அறிவுடைமை. பலாவுக்குப் பலா, தேக்குக்குத் தேக்கு என்று சேர்த்துவிட்டால் நிறத்தைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

பலாவை நினைத்தவுடன் வெட்டிவிடவும் முடியாது. உணவு தரும் மரமாகையால், 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்றே பலாவை வெட்டலாம். மரத்தை ஏற்றிச் செல்லவும் அனுமதிப் பத்திரம் வேண்டும். பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் என்ற பெரியார் நாடெங்கும் பலாக்கன்று நடுவிக்க உழைத்து, “பலா மாமா” என்னும் பொருள்படச் சிங்கள மக்களால் அழைக்கப்பட்டார். பஞ்ச காலத்தில் வயிற்றை நிரப்பிய மரத்தைக் காலடியில் விரிப்பதாயின், அதை வீணாக்காமல் விரிக்கவேண்டும் என்பதே எமது கருத்து. மரக்காலையில் வாங்குவோர் மரத்தோடு பத்திரத்தையும் கேட்டு வாங்குவது நல்லது. பழைய வீடுகளை உடைத்தெடுத்த மரமும் விலைக்குக் கிடைக்கிறது. அது உலர்ந்து அடங்கிய மரமாதலால் பெரும்பாலும் புதியதை விட நம்பத்தக்கது.

மரம் அறுபட்ட பின்னும் ஓயாது என்பதை இல்லத்தரசிகள் அறிவார்கள். மாரியில் இறுகிய கதவு கோடையில் தளர்வதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். காற்றில் ஈரம் கூடும்போது பலகை அகலத்தில் விரிகிறது, குறையும்போது சுருங்குகிறது. நீளத்தில் ஏற்படும் மாற்றம் மிகச் சொற்பம். எமது ஊவாப் பகுதியில் இந்த ஆட்டம் மிகுதி. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட கச்சான் காற்று மலைகளைக் கடந்து வீசுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த தனி மணம் பிறப்பது அந்தக் காற்றில்தான். கொழுந்தை வாட்டி மணமூட்டும் அதே காற்று வீட்டுப் பலகைகளையும் வாட்டி இடைவெளி காட்டச் செய்கிறது. பின்னர் ஒக்டோபரில் தொடங்கும் மழை ஜனவரி வரை நீடிக்கும்போது அவை மீண்டும் ஊதுகின்றன.

ஆகவே ஆவணி மாதத்து வறட்சியில் பலகைகளைச் சுவரோடு சுவராக நெருக்கி அடித்துவிட்டால், கார்த்திகையில் தரை நடுவில் கூடாரம்போல் எழும்பும். இதைத் தடுக்கச் சுவரோரம் சுற்றிலும் அரை அங்குலம் இடம் விடவேண்டும். அந்த இடைவெளியைச் சுவரடிப் பலகை மறைத்துவிடும். வாங்கிய பலகைகளை உடனே அடிக்காமல், எந்த அறைக்கு உரியனவோ அந்த அறையிலேயே குச்சி இடைவைத்து அடுக்கி ஒன்றிரண்டு வாரம் விட்டுவைத்தால், அவை அவ்வறையின் காற்றோடு பழகிக்கொள்ளும். திறந்த வெளியில் நிழலில் உலர்த்தும் மரத்துக்கு, ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. விற்கும் அவசரத்தில் பச்சை மரத்தை அடிப்பவர், வாங்குபவருக்குத் தொல்லையை விற்கிறார் என்றே கொள்ளவேண்டும்.

சிமெந்துத் தரையின்மீது பலகை விரிக்க எண்ணுவோர் முதலில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டடிச் சதுரமான பொலித்தீன் தாளொன்றைச் சிமெந்தின்மேல் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தால், அல்லது சிமெந்து கறுத்திருந்தால், நிலத்தின் ஈரம் மேலேறுகிறது என்று பொருள். அத்தகைய தரைமேல் மரம் விரிப்பது கறையானுக்கு விருந்து வைப்பதாகும். நீருக்கும் மரத்துக்கும் உள்ள பகை அரசர் வீட்டையும் விட்டதில்லை. பிரான்சில் வெர்சாய் மாளிகையில் 1684ஆம் ஆண்டில் பளிங்குத் தரைகளை எடுத்துவிட்டு மரத்தரைகளை இட்டனர். பளிங்கைக் கழுவிய நீர் கசிந்து, கீழே தாங்கி நின்ற உத்திரங்களை உக்கச் செய்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

எமது கூடத்தின் மூலையில் இந்தச் சோதனையைச் செய்தோம். மறுநாட் காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக நீர் நின்றது. மற்ற மூன்று மூலைகளிலும் தாள் காய்ந்தே இருந்தது.

அடுத்து, படிக்கட்டு. தரைக்கு ஒப்பப் படி என்றால் நிறத்தைத்தான் எல்லாரும் நினைக்கின்றனர். ஒப்பு முதலில் இருக்கவேண்டியது உயரத்தில். மனிதன் படியேறும்போது ஒவ்வொரு படியையும் கண்ணால் அளப்பதில்லை; முதலிரண்டு படிகளிற் கால் கற்றுக்கொண்ட உயரத்தையே மற்றப் படிகளிலும் எதிர்பார்க்கிறது. ஒரு படி மட்டும் அரை அங்குலம் ஏறியோ தாழ்ந்தோ இருந்தால், கால் ஏமாறுகிறது. இருட்டில், தண்ணீர்ச் செம்பு கையிலிருக்கும்போது, முதியவர் ஒருவர் ஏமாறினால் என்ன நேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

17ஆம் நூற்றாண்டில் பிரான்சுவா புளொண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஒரு விதியை வகுத்தார். ஒரு படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, அதனோடு மிதிக்கும் அகலத்தைக் கூட்டினால் மனிதனின் ஓரடி நடைக்குச் சமமாக வரவேண்டும் என்பது அவ்விதி. அதை 24 அங்குலம் என்று கொண்டார். எமது வீட்டில் கீழ்த்தரையிலிருந்து மேல்மாடித் தரைவரை 105 அங்குலம். அதைப் பாட்டனாரின் தச்சர் 15 ஏற்றங்களாகப் பகுத்திருந்தார். ஆகவே ஓர் ஏற்றம் 7 அங்குலம். மிதிக்கும் அகலம் 10 அங்குலம். ஏழின் இரட்டிப்பு பதினான்கு. அதனோடு பத்தைக் கூட்டினால் இருபத்துநான்கு. அந்தத் தச்சர் புளொண்டெலின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் மனிதரின் காலை அறிந்திருந்தார்.

இப்பொழுது தரகரின் யோசனையை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். கீழ்த்தரையிலும் மேல்தரையிலும் முக்கால் அங்குலக் கனமுள்ள பலகையை விரித்துவிட்டுப் படிகளை அப்படியே விட்டால், முதற்படி ஆறேகால் அங்குலமாகக் குறைந்துவிடும். கடைசி ஏற்றம் ஏழேமுக்கால் அங்குலமாகக் கூடிவிடும். முதலுக்கும் கடைசிக்கும் ஒன்றரை அங்குலம் வித்தியாசம். தரைகளை விட்டுப் படிகளுக்கு மாத்திரம் புதுப் பலகை ஒட்டினாலோ, முதற்படி ஏழேமுக்காலும் கடைசி ஏற்றம் ஆறேகாலுமாகத் தலைகீழாகிவிடும். கீழ்த்தரை, எல்லாப் படிகள், மேல்தரை ஆகிய மூன்றுக்கும் ஒரே கனமுள்ள பலகையை இட்டால்தான் எல்லா ஏற்றங்களும் பழையபடி ஏழங்குலமாக நிற்கும். தரையும் படியும் ஒத்திருக்கவேண்டும் என்பதற்கு அழகை விடப் பெரிய காரணம் இதுவே. தரையை ஒரு பாஸிடமும் படியை இன்னொரு பாஸிடமும் தனித்தனியே ஒப்படைப்பவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும்.

மினுக்கத்தையும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. கண்ணாடிபோல் வார்னிஷ் பூசிய படியில், குளிருக்காகக் காலுறை அணிந்த குழந்தை இறங்கினால் வழுக்கும். படிக்கு மெருகு குறைவாகவும் விளிம்பு சற்று உருண்டும் இருக்கவேண்டும்; கைப்பிடி அசையாதிருக்கவேண்டும். இவை வாசலில் நின்று பார்ப்பவரின் கண்ணுக்குத் தெரியாதவை; குடியிருப்பவரின் காலுக்கும் கைக்கும் தெரிபவை.

மரக்கோலம் அச்சிட்ட பலகையைக் குறை சொல்வது எமது நோக்கமன்று. உலர்ந்த, மட்டமான தரையில் அது சிக்கனமானது, துடைக்க எளியது, சிறு குடும்பத்துக்குப் போதுமானது. முழு மரப்பலகையைப் பலமுறை சீவிப் புதுப்பிக்கலாம். ஒட்டுப்பலகையின்மேல் நல்ல மரத்தோல் பதித்த வகையை ஒன்றிரண்டு முறை சீவலாம். அச்சுப் பலகையைச் சீவவே முடியாது, தேய்ந்தால் மாற்றவேண்டியதுதான். இந்த வேறுபாட்டை விற்பவர் தெளிவாகச் சொல்லி, வாங்குபவர் அறிந்து வாங்கினால் குற்றமொன்றுமில்லை. குற்றம் பலகையில் இல்லை. பலகையின் அடியில் எதை வைத்து மூடுகிறோம் என்பதிலேயே இருக்கிறது.

மலைச்சரிவில் உள்ள வீட்டுத் தரையில் காணும் வெடிப்பு, சமவெளியில் உள்ள வீட்டு வெடிப்பைப் போன்றதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை எமது மாவட்டத்தார் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொணர்ந்த பெருமழையில் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்தது. சுவரிலும் தரையிலும் புதிதாகத் தோன்றும் வெடிப்புகள், சாய்ந்து நிற்கும் மரங்கள், முன்னர் இல்லாத இடத்தில் ஊறும் நீர், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் ஆகியவை நிலம் தரும் முன்னறிவித்தல்கள். அவற்றைப் பார்த்துச் சொல்வதற்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் இருக்கின்றனர். அந்த முன்னறிவித்தலைப் பளபளப்பான பலகையால் மூடிவிட்டு ஒரு குடும்பத்தை அதன்மேல் படுக்கவைப்பது வியாபாரத் தந்திரம் என்ற பெயருக்கும் தகுதியற்றது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தபின் வீட்டார் கூடி முடிவு செய்தோம். வெடிப்பைப் பார்க்க முதலில் அதிகாரியை அழைத்தோம். நிலம் நகர்ந்ததற்கான அடையாளம் காணப்படவில்லை என்றும், மேட்டுப் பக்கத்து வடிகான் மண் தூர்ந்ததால் நீர் அடித்தளத்தை நோக்கிப் பாய்கிறது என்றும் அவர் சொன்னார். வடிகானைத் தோண்டிச் சிமெந்திட்டுத் தண்ணீரைத் திருப்பினோம். வெடிப்பை நிரப்பினோம், ஆனால் நிரப்பிய இடம் கண்ணுக்குத் தெரியும்படியே விட்டோம். கீழ்த்தளத்துச் சிவப்புச் சிமெந்தை மூடவில்லை. கழுவி மெழுகிட்டதும் அது பழைய நாட்களைப்போல் ஒளிவிட்டது. மாரி ஒன்று கழிந்தபின் மீண்டும் பொலித்தீன் சோதனை செய்து, தாள் காய்ந்திருப்பதைக் கண்டே வீட்டை விற்பனைக்கு வைத்தோம். அதனால் பல மாதங்கள் பிந்தின. தம்பிக்கு இருமுறை விடுமுறை எடுக்க வேண்டியிருந்தது. தரகரும் சிறிது காலம் எம்முடன் பேசவில்லை.

மேல்மாடி வேலையைப் பசறையிலிருந்து வந்த வயதான தச்சுப் பாஸ் ஏற்றுக்கொண்டார். முன்னறையின் உக்கிய நான்கு பலகைகளுக்குப் புதுப்பலகை வாங்க நாம் ஆயத்தமானபோது அவர் தடுத்தார். பின்புறக் களஞ்சிய அறையிலிருந்து அதே வயதுடைய நான்கு பலகைகளைக் கழற்றி முன்னறையில் பொருத்தினார். புதிய பலாவைக் களஞ்சிய அறையில் இட்டார். பழையதற்குப் பழையதே ஒப்பாயிற்று. முன்னறையில் எந்தப் பலகை மாற்றியது என்று இப்பொழுது எமக்கே தெரியவில்லை. குழிந்த ஐந்து படிகளுக்கு, உடைத்த வீடொன்றின் பழைய பலா உத்திரத்தை வாங்கி, பழைய படிப்பலகையின் கனத்துக்கே அறுத்துப் பொருத்தினார். பொருத்தியபின் ஒவ்வோர் ஏற்றத்தையும் அளந்தோம். பதினைந்தும் ஏழங்குலம்.

முழுத்தரையையும் புதிதாக இட எண்ணுவோர்க்கு ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 14 அடிக்கு 12 அடியான அறைக்கு 168 சதுர அடி பலகை வேண்டும். வெட்டிலும் கழிவிலும் போவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டி ஏறத்தாழ 185 சதுர அடி வாங்கவேண்டும். படிகளுக்கான மரத்தையும் அதே நாளில், அதே மரக்காலையில், அதே அறுவையிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது. பின்னால் வாங்கச் சென்றால் அதே மரம் கிடைப்பதில்லை.

வீட்டைப் பார்க்கச் சிலர் வந்து போயினர். வடிகான் கதையைக் கேட்டு இருவர் பின்வாங்கினர். மூன்றாவதாக ஓர் ஆசிரியத் தம்பதியர் வந்தனர். இருவருமே தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படித்து, ஆசிரியரானவர்கள். அவர்களுடைய பெற்றோர் லயத்திலேயே வாழ்ந்து முடித்தவர்கள். அந்த அம்மையார் காலணியைக் கழற்றிவைத்துவிட்டுப் பலகைத் தரையில் நடந்து பார்த்தார். பங்களாவில் வேலை செய்த தம் அப்பாயி இப்படியான தரையை முழந்தாளிட்டு மினுக்கியதைச் சிறுவயதில் பார்த்ததாகவும், அதன்மேல் தாம் நடந்ததில்லை என்றும் சொன்னார். வெடிப்பை நிரப்பிய இடத்தையும், வடிகானையும், மாற்றிய ஐந்து படிகளையும் நாம் ஒவ்வொன்றாகக் காட்டினோம். அவருடைய கணவர் மாரியில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கூறினார். சொன்னபடியே நல்ல மழை நாளொன்றில் வந்து, கூடத்து மூலையைக் கையால் தடவிப் பார்த்தார். தரகர் முதலில் சொன்ன விலையை விடச் சற்றுக் குறைந்த விலைக்கே வீடு போயிற்று. அதில் எமக்கு மனத்தாங்கல் இல்லை.

வீட்டை விற்கிறோமே என்ற துயரம் எமக்கு இருந்தது. அத்துயரங்கூட எம்மவருள் ஒரு சிலருக்கே கிடைத்த பேறு என்பதை அன்று உணர்ந்தோம். எமது நாட்டில் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதினால்தான் காணியும் வீடும் கைமாறும். உறுதி இல்லாதவர் தமது என்று சொல்லி எதையும் விற்க இயலாது. தோட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த லயம் அவர்களுடையதன்று. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் குடியுரிமையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் பல இலட்சம் பேர் கடல் கடக்க நேர்ந்தது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குச் சென்றது. உடையவர் மாறினர், காம்பராவில் இருந்தவருக்கு உறுதி வரவில்லை. தம் கைக்காசில் காம்பராவுக்குச் சிமெந்துத் தரை போட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வெளியேறியபோது அந்தத் தரைக்கு விலை கேட்க வழியில்லை.

அண்மைக் காலத்தில்தான் நிலைமை சிறிது மாறத் தொடங்கியிருக்கிறது. 2015ஆம் ஆண்டுக்குப் பின் வந்த வீடமைப்புத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்ற கணக்கில் தனி வீடுகள் எழுந்தன. இந்திய உதவியுடனான வீடுகளும் மலைநாட்டில் கட்டப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. ஆயினும் உறுதிக்காகக் காத்திருப்போர் இன்னும் பலர். அத்தகைய சமூகத்திலிருந்து ஒரு குடும்பம், தன் வரலாற்றில் முதன்முறையாக ஓர் உறுதியில் பெயரெழுதிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் காலடி வைக்கிறது என்றால், அந்தக் காலடியின் கீழே ஈரமும் வஞ்சகமும் இருத்தல் ஆகாது.

ஆகவே வீட்டை விற்க எண்ணும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. முதலில் நீரைத் திருப்புங்கள். பின்பு உக்கியதை மாற்றுங்கள். மரத்துக்கு அதே மரத்தைத் தேடுங்கள். படியின் உயரங்களை அளந்து ஒன்றாக்குங்கள். பணம் மிஞ்சினால் மெருகிடுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி மெருகிலிருந்து தொடங்கவேண்டாம். வாங்க எண்ணும் அன்பர்கள் மழை நாளில் ஒருமுறை சென்று பாருங்கள். ஓர் அளவுகோலை எடுத்துச் சென்று முதற்படியையும் கடைசிப் படியையும் அளவுங்கள். பளபளப்பான தரையைக் கண்டால் அதன் அடியில் என்ன இருக்கிறதென்று கேட்கத் தயங்கவேண்டாம்.

புதிய வீட்டாரின் சிறுமகள் இப்பொழுது அந்தப் படிகளில் ஓடி ஏறுவதாக அயலவர் சொல்கின்றனர். பதினைந்து ஏற்றங்களும் ஒரே உயரம் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.